எஸ்எஃப்டிபி லாக்: டீபக்3 வைத்தும் கோப்பின் பெயரே வரவில்லை

கேள்வி

வணக்கம். லினக்ஸ் சர்வரில் ஓப்பன்எஸ்எஸ்எச் வழியாக எஸ்எஃப்டிபி (கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்பும் முறை) கொடுத்திருக்கிறோம். பயனர்கள் அவரவர் ஃபோல்டரைத் தாண்டி வெளியே போக முடியாதபடி சிஎச்ரூட்டில் இருக்கிறார்கள். ஒருவருடைய பைத்தான் ஸ்கிரிப்ட் கோப்புகளை ஏற்றும்போது சில மட்டும் தோற்றுப்போகின்றன. அவர் பக்கம் 'ஃபெயிலியர்' என்று மட்டும்தான் வருகிறது. நாங்கள் கையால் ஏற்றினால் எல்லாம் போகிறது. எஸ்எஸ்எச்டி (ஓப்பன்எஸ்எஸ்எச்சின் சர்வர் நிரல்) கான்ஃபிக்கில் லாக்லெவலை மிக விரிவான டீபக்3 ஆக்கிவிட்டேன். கீ, சைஃபர் என்று பக்கம் பக்கமாகக் கொட்டுகிறது, கோப்பின் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. வேறு எங்கே மாற்ற வேண்டும்?

பதில்

நீங்கள் கூட்டியது இணைப்பைக் கவனிக்கும் எஸ்எஸ்எச்டியின் லாக். கோப்பைத் திறப்பது, மூடுவது, பெயர் மாற்றுவது எல்லாம் எஸ்எஃப்டிபி சர்வரின் வேலை. அதற்குத் தனி லாக் அளவு இருக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 'எரர்' மட்டும்தான். அதே கான்ஃபிக்கில் சப்சிஸ்டம் வரியில் இன்டர்னல்-எஸ்எஃப்டிபிக்கு (எஸ்எஸ்எச்டிக்குள்ளேயே இருக்கும் எஸ்எஃப்டிபி சர்வர்) பின்னால் மைனஸ் எல் (-l) போட்டு 'இன்ஃபோ' கொடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் அடுத்ததுதான். சிஎச்ரூட் வைத்தவர்கள் பெரும்பாலும் குறிப்பிட்ட பயனர்களுக்கான மேட்ச் பகுதிக்குள், இந்தக் கட்டளைதான் ஓட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஃபோர்ஸ்கமாண்ட் இன்டர்னல்-எஸ்எஃப்டிபி வரியையும் எழுதியிருப்பார்கள். அந்தப் பயனர்களுக்கு அந்த வரிதான் செல்லும், சப்சிஸ்டம் வரியில் போட்டது போய்ச் சேராது. அங்கேயும் அதே மைனஸ் எல் வேண்டும்.

அப்புறமும் ஒன்றும் வரவில்லை என்றால், சிஎச்ரூட்டுக்குள் டெவ் ஃபோல்டரில் 'லாக்' சாக்கெட் (லாக் செய்திகள் போய்ச் சேரும் வாசல்) இருக்கிறதா பாருங்கள். சில சிஸ்டங்களில் அது இல்லாவிட்டால் செய்தி வெளியே வராது. லாக்கைச் சேகரிக்கும் நிரலான ஆர்சிஸ்லாகில் அந்த இடத்தில் கூடுதலாக ஒரு சாக்கெட் திறக்கச் சொல்லலாம்.

இன்ஃபோவிலேயே திறத்தல், மூடுதல், எத்தனை பைட் எழுதப்பட்டது, எந்தப் பிழை திருப்பி அனுப்பப்பட்டது எல்லாம் வந்துவிடும். அதைவிட விரிவான வெர்போஸ் வைத்தால் ஒவ்வொரு 'ஸ்டாட்'டும் (கோப்பின் விவரத்தைக் கேட்பது) சேரும். அடிக்கடி ஃபோல்டரைப் பார்க்கும் க்ளையண்ட் இருந்தால் லாக் வீணாகப் பெருகும். எஸ்எஸ்எச்டியின் டீபக்3-ஐ இப்போதே இறக்கிவிடுங்கள். டீபக் அளவு பயனர்களின் அந்தரங்கத்தை மீறும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

கேட்டவர்

ஃபோர்ஸ்கமாண்டேதான், நன்றி! இப்போது தெரிகிறது. கோப்பு 'பார்ட்' என்ற தற்காலிகப் பெயரில் முழுசாக ஏறுகிறது, 'க்ளோஸ்' வரியில் பைட் கணக்கும் சரி. உடனே அடுத்த வரியில் 'ரீநேம்', அதற்கு அடுத்து 'சென்ட் ஸ்டேட்டஸ் ஃபெயிலியர்'. அனுமதிப் பிரச்சினையா?

பதில்

அனுமதி என்றால் 'பெர்மிஷன் டினைட்' என்றே வந்திருக்கும், அதற்கு எண் 3. ஃபெயிலியர் என்பது எண் 4. எஸ்எஃப்டிபி மூன்றாம் பதிப்பில் பிழை எண்கள் கொஞ்சம்தான், வேறு எதிலும் சேராததெல்லாம் இந்த 4-இல் விழும். டிஸ்க் நிரம்பினாலும் இதேதான் வரும்.

உங்கள் விஷயத்தில், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறதா பாருங்கள். இருக்கும் கோப்பின் மேல் சாதாரண ரீநேமை ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் ஏற்காது. மேலெழுத வேண்டுமென்றால் 'பாசிக்ஸ்-ரீநேம்' என்ற நீட்சி இருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எச்சின் சொந்த க்ளையண்ட் அதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். கையால் ஏற்றும்போது பிழை வராததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஸ்கிரிப்ட் பாராமிகோவில் (எஸ்எஸ்எச், எஸ்எஃப்டிபிக்கான பைத்தான் நூலகம்) எழுதியது என்றால் ரீநேமுக்குப் பதில் பாசிக்ஸ்_ரீநேம் அழைக்கச் சொல்லுங்கள்.

இன்னொருவர்

பழைய எஃப்டிபி வைத்திருப்பவர்களுக்காக: விஎஸ்எஃப்டிபிடி என்ற எஃப்டிபி சர்வரில் 'லாக்_எஃப்டிபி_புரோட்டகால்' மட்டும் போட்டால் போதாது. 'எக்ஸ்ஃபர்லாக்_எஸ்டிடி_ஃபார்மட்' 'நோ' ஆக இருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டளைகள் பதிவாகாது. பேசிவ் முறையில் (தரவு இணைப்பையும் க்ளையண்டே தொடங்கும் முறை) தொங்கினால், சர்வர் அனுப்பும் 227 பதிலில் உள்ள ஆறு எண்களைப் பாருங்கள். ஐந்தாவதை 256-ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் போர்ட் கிடைக்கும், அதை ஃபயர்வாலில் தேடுங்கள்.

கேட்டவர்

அதே பெயரில் பழைய கோப்பு இருந்தது. தோற்ற எல்லாவற்றுக்கும் அப்படித்தான். பாசிக்ஸ்_ரீநேம் மாற்றியதும் ஏறிவிட்டது. லாக்கை இன்ஃபோவிலேயே விட்டுவைக்கிறேன்.