5 எம்பியைத் தாண்டினால் கெர்னல் எழுவதில்லை: ப்ராசசரின் எல்லையா?

கம்பிச்சுருள் கேட்கிறார்:

லினக்ஸ் ஓடும் சிறிய போர்டு ஒன்று: 32 பிட் ஆர்ம் ப்ராசசர், 256 எம்பி ராம், 16 எம்பி எஸ்பிஐ ஃபிளாஷ் (மின்சாரம் போனாலும் அழியாத சேமிப்புச் சில்லு). லினக்ஸின் மையமான கெர்னலுக்கென்று அதில் 6 எம்பி பார்ட்டிஷன். கெர்னலை எழுப்பும் யூ-பூட் நிரல் வழியாக, அதற்கேற்பப் பொதிந்த யூஇமேஜ் கோப்பை ஏற்றுகிறேன். இரண்டு ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் ஓடிய போர்டு இது. வைஃபை டிரைவரையும் சிறிய இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (தொடக்கக் கோப்புகளின் தொகுப்பு) கெர்னலுக்குள்ளேயே சேர்த்ததிலிருந்து, ‘பேட் டேட்டா சிஆர்சி’ (தரவின் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை) என்று சொல்லி நின்றுவிடுகிறது.

மூன்று இரவுகள் வெட்டியும் ஒட்டியும் பார்த்தேன். 52,31,000 பைட் இமேஜ் எழுகிறது. 52,60,000 பைட் எழுவதில்லை. உடன் வேலை செய்பவர் ஒருவர், “இந்த ப்ராசசருக்கு 5 எம்பிதான் எல்லை” என்று அடித்துச் சொல்கிறார். ஆவணத்தில் அப்படி ஒரு வரிகூட எனக்குக் கிடைக்கவில்லை.

என்னை உறங்கவிடாத விஷயம் இன்னொன்று. நெட்வொர்க் வழியாக இமேஜை ராமில் இறக்கி, ஃபிளாஷில் எழுதி, கையோடு பூட் கட்டளையை ஓட்டினால் பெரிய இமேஜும் எழுந்துவிடுகிறது! மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுத்தால் பழைய கதைதான். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் நேற்று இரவு ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது.

ஈயப்பற்று:

எக்ஸ்இசட் சுருக்கத்துக்கு மாறுங்கள், அளவு இறங்கிவிடும்.

கம்பிச்சுருள்:

ஏற்கெனவே எக்ஸ்இசட்தான். இதற்கு மேல் பிழிந்தால் ரத்தம்தான் வரும்.

பழையபோர்டு:

உங்கள் பேய் யூ-பூட்டின் பூட் கட்டளைக்குள் குடியிருக்கிறது. அமைப்புகளைக் காட்டும் ‘பிரின்ட்என்வ்’ கொடுத்து, ஃபிளாஷைப் படிக்கும் ‘எஸ்எஃப் ரீட்’ வரியின் கடைசி எண்ணைப் பாருங்கள்; எத்தனை பைட் படிக்க வேண்டும் என்பது அதுதான். பதினாறடிமான (ஹெக்ஸ்) எண் முறையில் 5-உம் அதன் பின்னால் ஐந்து சுழியங்களும் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அதாவது 52,42,880 பைட். நீங்கள் கண்டுபிடித்த இரண்டு எண்களுக்கும் நடுவில் அது கச்சிதமாக உட்காருகிறது பாருங்கள்.

நடப்பது இதுதான். யூஇமேஜின் தலையில் 64 பைட் தலைப்பு உண்டு. பின்னால் வரும் தரவின் நீளமும் சிஆர்சியும் அதில் பதிந்திருக்கும். யூ-பூட் ஃபிளாஷிலிருந்து 5 எம்பியை மட்டும் ராமுக்கு எடுத்து வருகிறது. சரிபார்க்கும்போதோ தலைப்பில் உள்ள முழு நீளத்துக்கும் கணக்குப் போடுகிறது. வால் பகுதியில் இருப்பது ராமில் கிடந்த குப்பை. சிஆர்சி எப்படிப் பொருந்தும்?

நெட்வொர்க்கிலிருந்து இறக்கியவுடன் பூட் செய்தால், அதே முகவரியில் முழு இமேஜும் ஏற்கெனவே இருக்கிறது. ஃபிளாஷிலிருந்து வந்த 5 எம்பி அதன் தலைமீதே படிந்துகொள்ள, வால் அப்படியே தப்பிவிடுகிறது. மின்சாரம் போனதும் வாலும் போய்விடும். இத்தனை அழகான பிழையைப் பார்த்து நெடுநாளாகிவிட்டது.

நடுச்சாமம்:

அவர் சொன்னது சரி. ஆனால் எண்ணை மாற்றிவிட்டு நிம்மதியாகப் போய்விடாதீர்கள். டிவைஸ் ட்ரீயை, அதாவது போர்டில் என்னென்ன வன்பொருள் உண்டு என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பை, ராமில் எந்த முகவரியில் ஏற்றுகிறீர்கள்? விரிந்த கெர்னலும் அதன் பிஎஸ்எஸ்ஸும் (சுழியத்தில் தொடங்கும் மாறிகளுக்கான இடம்) அதை மிதித்துவிட்டால் ‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ என்பதோடு சீரியல் கன்சோல் ஊமையாகிவிடும், பிழைச் செய்திகூட வராது. சுருக்கிய அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம்; சுருக்காத கெர்னலான விஎம்லினக்ஸ் கோப்பின் மீது, அளவு காட்டும் ‘சைஸ்’ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். உங்களிடம் 256 எம்பி இருப்பதால், ராமின் தொடக்கத்திலிருந்து 128 எம்பிக்குச் சற்று மேலே வைத்துவிடுங்கள்.

ப்ராசசரே போடும் எல்லை ஒன்று உண்மையில் உண்டு, ஆனால் அது வேறு இடத்தில். ஆர்மில் ஒரு செயற்கூற்றுக்குத் தாவும் பிஎல் கட்டளையில் தாவும் தூரத்துக்கு 24 பிட்தான். முன்னும் பின்னும் 32 எம்பி. மாட்யூல்களுக்கான (பிறகு தனியாக ஏற்றும் கெர்னல் துண்டுகள்) இடம் கெர்னலுக்கு 16 எம்பி கீழே தொடங்குகிறது. ஆகவே அடிமட்டத்தில் இருக்கும் மாட்யூலிலிருந்து தாவினால் கெர்னலின் முதல் 16 எம்பி வரைதான் எட்டும். அதைத் தாண்டினால் மாட்யூல் ஏற்றும்போது ‘ரீலொகேஷன் 28 அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று வரும். இடையில் ஒரு படி வைத்துத் தாவவைக்கும் மாட்யூல் பிஎல்டி வசதியை இயக்கினால் தீரும். உங்கள் கெர்னல் அந்த எல்லையை இன்னும் எட்டியிருக்காது.

கம்பிச்சுருள்:

பழையபோர்டு, பந்தயத்தில் நீங்களே வென்றீர்கள். 5-உம் ஐந்து சுழியங்களும். 6 ஆக்கினேன், பார்ட்டிஷன் முழுவதும் வந்துவிடுகிறது. மின்சாரத்தைப் பத்து முறை துண்டித்துப் பார்த்தேன், பத்து முறையும் எழுந்தது.

அந்த 5-ஐ எழுதியவரைத் திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பிறகு கணக்குப் போட்டேன்: ஒற்றைத் தரவுக் கம்பியில் 50 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 6 எம்பிக்குச் சற்று மேல். கூடுதல் 1 எம்பிக்கு ஏறத்தாழ 160 மில்லி நொடி. பூட் நேரத்தை இழுத்துப் பிடித்த யாரோ ஒருவர் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்க வேண்டும். ஒரு வரி குறிப்பு எழுதி வைத்திருக்கலாம்.

டிவைஸ் ட்ரீ 16 எம்பியில் இருந்தது. விரிந்த கெர்னல், பிஎஸ்எஸ் உட்பட, 14 எம்பியைத் தொடுகிறது. நடுச்சாமம் சொன்ன இடத்துக்கு மாற்றிவிட்டேன். சிக்கனத்துக்காக வெட்டியெறிந்த கால்சிம்ஸையும் (முகவரிகளுக்குரிய பெயர்ப் பட்டியல்) திருப்பிச் சேர்த்தாயிற்று. கெர்னல் முறியும்போது வெறும் முகவரிகளைப் பார்த்து விழித்தது போதும்.