அம்பு செய்தவருக்குப் பழி உண்டா? கிலியன் மர்ஃபியின் இரு வேடங்கள்

கேள்வி:
கிறிஸ்டோபர் நோலனின் 'டன்கிர்க்' (2017), 'ஓப்பன்ஹைமர்' (2023) ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். முதல் படத்தில் கிலியன் மர்ஃபி பெயரில்லாத ஒரு சிப்பாய். கப்பல் மூழ்கிய அதிர்ச்சியில் நடுங்கிக்கொண்டிருக்கும் அவர், போர்முனைக்குத் திரும்ப மறுத்துச் செய்யும் தள்ளுமுள்ளில் ஜார்ஜ் என்ற சிறுவன் விழுந்து தலையில் அடிபட்டு இறக்கிறான். இரண்டாவது படத்தில் அணுகுண்டு உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய இயற்பியலாளர் ஓப்பன்ஹைமராக வரும் அவர் யாரையும் தொடுவதே இல்லை. ஆனால் ஹிரோஷிமாவில் மட்டும் 1945 முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். கை பட்டவரை மன்னிக்க மனம் வருகிறது, கை படாதவரை மன்னிக்க வரவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அம்பைச் செய்து கொடுத்தவரை எங்கே வைப்பது?

மறுமொழி 1:
சிப்பாயை மன்னிக்க முடிவதற்குக் காரணம், படமே அவரை முதலில் மன்னித்துவிடுவதுதான். சிறுவன் பிழைத்துவிடுவானா என்று அவர் கேட்கும்போது, அவரை மீட்ட படகுக்காரரின் மகன் பீட்டர் ஆமாம் என்று பொய் சொல்கிறான். அவன் தந்தை தலையசைத்து அதை ஏற்கிறார். கென் லோச்சின் 'தி விண்ட் தட் ஷேக்ஸ் தி பார்லி' (2006) படத்தையும் சேர்த்துப் பாருங்கள். அயர்லாந்து விடுதலைப் போரைப் பற்றிய அந்தப் படத்தில் மர்ஃபி நடிக்கும், மருத்துவம் படித்த டேமியனுக்கு, சிறு வயது முதல் தான் அறிந்த ஓர் இளைஞனைக் காட்டிக்கொடுத்த குற்றத்துக்காகத் தன் கையாலேயே சுட வேண்டி வருகிறது. அங்கே மர்ஃபிக்கு நடிப்பதற்கு ஒரு செயல் இருந்தது. ஓப்பன்ஹைமரில் அதுகூட இல்லை. குண்டுவீச்சில் சிதைந்தவர்களின் படங்களைத் திரையிடும்போது அவர் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார், நமக்கும் அந்தப் படங்கள் காட்டப்படுவதில்லை, முகம் மட்டுமே மிஞ்சுகிறது. ('சன்ஷைன்' படத்திலும் அவர் இயற்பியலாளர்தான், அங்கும் ஒரு குண்டு உண்டு, ஆனால் அது அணைந்துகொண்டிருக்கும் சூரியனை மீண்டும் எரியவைப்பதற்கு!)

மறுமொழி 2:
நடிப்பைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஓப்பன்ஹைமரை வெறுமனே அம்பு செய்தவர் என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. இலக்குகளைத் தேர்ந்தெடுக்கும் குழு 1945 மே மாதம், குண்டு உருவான லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் அவருடைய அலுவலகத்திலேயே கூடி, குண்டு எந்த உயரத்தில் வெடிக்க வேண்டும் என்பது வரை பேசியது. ஆளில்லாத இடத்தில் வெடித்துக் காட்டி ஜப்பானை எச்சரிக்கலாம் என்று குண்டுத் திட்டத்தில் இருந்த சிகாகோ அறிவியலாளர்கள் கேட்டபோது, இயற்பியலாளர்கள் ஃபெர்மி, லாரன்ஸ், காம்ப்டன் ஆகியோருடன் ஓப்பன்ஹைமரும் இருந்த நால்வர் குழு, போரில் நேரடியாகப் பயன்படுத்துவதற்கு ஏற்கத்தக்க மாற்று வழி தென்படவில்லை என்று ஜூன் 16 அன்று பரிந்துரைத்தது. விலக வழியே இல்லாமலும் இல்லை. அதே திட்டத்தில் பணிபுரிந்த இயற்பியலாளர் ஜோசப் ரோட்பிளாட் 1944 இறுதியிலேயே விலகிப் போனார். 1945 அக்டோபரில் அமெரிக்க அதிபர் ட்ரூமனைச் சந்தித்துத் தம் கைகளில் இரத்தம் படிந்திருப்பதாகச் சொன்ன அதே ஓப்பன்ஹைமர், 1960இல் ஜப்பானுக்குச் சென்றிருந்தபோது, குண்டின் தொழில்நுட்ப வெற்றியில் தமக்குப் பங்கிருந்ததற்காக வருந்தவில்லை என்றார். இந்த இரண்டு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பதாக நான் நினைக்கவில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஜூன் 16 பரிந்துரையின் முழு விவரம் எனக்குத் தெரியாது. அவர் கண்ணைத் தாழ்த்தும் அந்தக் காட்சியை, பார்க்கச் சகியாத ஒருவரின் வேதனை என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். வெடிக்கும் உயரத்தைப் பற்றிய பேச்சில் உடனிருந்தவர் அந்தப் படங்களைப் பார்க்க மறுக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.