'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா?

பச்சைப்பேனா:
'ரன்' என்றால் ஓடு என்று பள்ளியில் படித்ததோடு சரி. இப்போது அலுவலக மெயிலைத் திறந்தால் ஒருவர் 'ரன்னிங் லேட்' என்கிறார், இன்னொருவர் 'ரன் த ரிப்போர்ட்' என்கிறார், மேலாளரோ 'ரன் இட் பை மீ ஃபர்ஸ்ட்' என்று எழுதியிருக்கிறார். இதில் யாரும் எங்கும் ஓடுகிற மாதிரி தெரியவில்லை. அகராதியைப் புரட்டினால் பக்கம் பக்கமாகப் போகிறது. எங்கிருந்துதான் தொடங்குவது?

சொல்லேர்:
அகராதியில் அப்படித்தான் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் பிரித்து வைத்திருக்கிறார்கள். (1989 பதிப்பில் முதலிடம் 'செட்'டுக்கு, அதற்கு 430.) மனப்பாடமெல்லாம் வேண்டாம், தமிழே பாதி வேலையை முடித்துவிடும். மெஷின் ஓடுது, படம் ஓடுது, மூளையே ஓடல என்று நாமும்தானே சொல்கிறோம்? நமக்கு ஓடு, ஓட்டு என்று இரண்டு சொல் இருக்கிறது, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ரன்', அவ்வளவுதான். 'த மெஷின் ரன்ஸ்' என்றால் ஓடுகிறது. 'ஷி ரன்ஸ் த மெஷின்' என்றால் ஓட்டுகிறாள். கம்பெனியை ரன் பண்ணுவதும் ரிப்போர்ட்டை ரன் பண்ணுவதும் இந்த 'ஓட்டு' கணக்கில்தான் வரும்.

'ரன் இட் பை மீ' மட்டும் தனி ரகம். அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் ஒரு தடவை காட்டிவிடு, நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டுக்கொள் என்று அர்த்தம். இதைச் செயப்பாட்டு வினையில் எழுதாதீர்கள். 'இட் வாஸ் ரன் பை த மேனேஜர்' என்றால் மேலாளரிடம் காட்டினோம் என்றும் படிக்கலாம், மேலாளரே நடத்தினார் என்றும் படிக்கலாம்.

இரவுப்பறவை:
'ரன்னிங் லேட்' விட்டுப்போச்சே. தாமதமாகிக்கொண்டிருக்கிறது, சொன்ன நேரத்துக்கு வர முடியாது என்பதுதான் அது. லோ, ஷார்ட், ட்ரை (வறண்டது என்கிற ட்ரை) எல்லாம் இதே மாதிரி 'ரன்'னோடு ஒட்டிக்கொள்ளும், அப்போது ஒரு நிலைக்குப் போய்க்கொண்டிருப்பதையோ போய்விட்டதையோ சொல்லும். 'வி ஆர் ரன்னிங் லோ ஆன் பேப்பர்' என்றால் காகிதம் குறைந்துவிட்டது, ஆனால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. 'வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் பேப்பர்' என்றால் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. அந்த 'ஆஃப்'பில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள்: எழுவாய் ஆளாக இருந்தால் 'ஆஃப்' வேண்டும், தீர்ந்த பொருளே எழுவாயானால் வேண்டாம், 'த பேப்பர் ஹாஸ் ரன் அவுட்' போதும். கிரிக்கெட் ரன் அவுட்டை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், 'ஹாவ் ரேன்' என்று எழுதவே கூடாது. ரன், ரேன், மறுபடியும் ரன்.

பச்சைப்பேனா:
இருவருக்கும் நன்றி, ஓடு–ஓட்டு விஷயம் பளிச்சென்று புரிந்தது. 'த்ரீ டேஸ் ரன்னிங்', 'ரன்னிங் எ டெம்பரேச்சர்' இரண்டும் கண்ணில் பட்டன. அதையும் சொல்லிவிடுங்களேன்.

சொல்லேர்:
முதலாவது, இடைவெளி விடாமல் தொடர்ந்து மூன்று நாள். இரண்டாவது, உடம்பு சுடுகிறது, காய்ச்சல். தேர்தல் செய்தி படிப்பவராக இருந்தால் இன்னொன்று: தேர்தலில் நிற்பதை அமெரிக்கர்கள் 'ரன்' என்பார்கள், பிரிட்டனில் பெரும்பாலும் நம்மை மாதிரியே 'ஸ்டாண்ட்'தான். ஒரே வேலைக்கு ஒரு ஊரில் ஓடுகிறார்கள், இன்னொரு ஊரில் நிற்கிறார்கள் :)