துகள்கள் ஓயாமல் ஆடுவதை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பள்ளி ஆசிரியை:
போர்டில் எத்தனை தடவை எழுதிப்போட்டாலும் பிள்ளைகள் நம்புவதில்லை, அதனால் ஒரு சொட்டு பாலில் நிறையத் தண்ணீர் விட்டு ஸ்லைடில் வைத்து 400 மடங்கு பெரிதாக்கிக் காட்டிவிடுவேன். பெரிய கொழுப்புத் துளிகள் சும்மா கிடக்கும், பொடிசுகள்தான் நின்ற இடத்திலேயே துடிக்கும். "மிஸ், இதுக்கு உயிர் இருக்கா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். 1827-ல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளருக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. மகரந்தத்துக்குள் இருந்த நுண்துகள்கள் ஆடியதைப் பார்த்தவர், உயிரில்லாத கல்லையும் பொடித்துப் போட்டார், எகிப்து ஸ்பிங்க்ஸ் சிலையின் துணுக்கைக்கூட விடவில்லை. அதுவும் ஆடியது!

மருத்துவ லேப் ஊழியர்:
எங்களுக்கு இது தினசரித் தொல்லை. பாக்டீரியா நீந்துகிறதா என்று தொங்கு துளியில் (கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டின் அடியில் தொங்கும் சொட்டில்) பார்க்கும்போது, செத்த கிருமியும் துடிக்கும். பக்கத்தில் இருப்பதைத் தாண்டி ஓடினால்தான் நீச்சல். எல்லாம் ஒரே பக்கம் போனால் அது வெறும் நீரோட்டம், கவர்ஸ்லிப் ஓரத்தில் வாஸ்லின் சரியாகப் பூசவில்லை என்று அர்த்தம்.

புது உறுப்பினர்:
சரி, உராய்வு என்று ஒன்று இருக்கிறதே, ஏன் களைத்து நிற்பதில்லை?

இயற்பியல் ஆய்வு மாணவர்:
ஃபேனை அணைத்தால் நிற்கிறது, அந்த ஆற்றல் எங்கே போனது? காற்றிலும் பேரிங்கிலும் உள்ள மூலக்கூறுகளின் ஆட்டமாகத்தான் போனது, அதைத்தான் சூடு என்கிறோம். மூலக்கூறுகளே மோதிக்கொள்ளும்போது ஒன்று இழந்ததை இன்னொன்று வாங்கிக்கொள்கிறது, உராய்வில் தொலைந்துபோக அதற்குக் கீழே வேறு இடம் கிடையாது. அறைக் காற்றில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. பால் துளியை நாலாபுறமும் இடிப்பது தண்ணீர் மூலக்கூறுகள். இடிகள் இருபுறமும் சமமாக விழாததால்தான் அது தள்ளாடுகிறது என்று 1905-ல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டார், அதை அளந்து காட்டிய இயற்பியலாளர் பெர்ரனுக்கு 1926-ல் நோபல்.

ஆசிரியை:
அப்போ நன்றாகக் குளிர்வித்தால்?

ஆய்வு மாணவர்:
குறையும், முழுசாக நிற்காது. எங்கள் லேபில் திரவ ஹீலியத்தின் ஆவியை பம்ப் வைத்து உறிஞ்சிக் குளிர்விக்கும்போது பார்த்திருக்கிறேன். கொதித்துக்கொண்டே இருக்கும், 2.17 கெல்வினை (சுமார் மைனஸ் 271 டிகிரி செல்சியஸ்) தொட்டதும் குமிழி எல்லாம் சட்டென்று அடங்கிவிடும். உறைந்துவிட்டது என்றுதான் தோன்றும், ஆனால் அது இன்னும் திரவம்தான். தனிச்சுழிக்கு, அதாவது அதற்குக் கீழே குளிர்விக்கவே முடியாத 0 கெல்வினுக்கு, பக்கத்தில் போனாலும் ஹீலிய அணுக்களுக்குக் குவாண்டம் விதிப்படி ஓர் ஆட்டம் மிச்சம் இருக்கும், சாதாரண அழுத்தத்தில் அது உறையவே விடாது. திடமாக்க வேண்டுமானால் சுமார் 25 மடங்கு வளிமண்டல அழுத்தம் கொடுக்க வேண்டும், அதற்கப்புறமும் அணுக்கள் இருந்த இடத்தில் அதிர்ந்துகொண்டுதான் இருக்கும்.