இரவு ஷிஃப்ட்டில் சேமிக்க முடியாத பத்திரிகை ஃபைல்கள்

காட்பாடிக்காரன்:
வேலூர் லாங்கு பஜார் பக்கம் சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகைதான். ஒரே கம்ப்யூட்டர், அதில் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்). பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், அப்புறம் நான். மூன்று பேருக்கும் தனித்தனி லாகின். பகல்காரர் செய்த ஃபைலை இரவுக்காரர் திறக்கலாம், திருத்திச் சேமிக்க முடியாது. முகூர்த்த நேரத்தை மாற்றச் சொல்லிப் பெண் வீட்டார் இரவு 10 மணிக்கு போன் செய்கிறார்கள். கடுப்பில் எல்லா ஃபைலுக்கும் சிஎச்மாட் 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும் தரும் கட்டளை) போட்டேன். மறுநாள் புது ஃபைல்களில் அதே கதை. சில பழைய ஃபைல்களில் உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 1003 என்று இருக்கிறது. பேயா, பிசாசா?

குடியாத்தம் தோப்பு:
அண்ணா, எங்கள் ஊர்க் கிணற்றை வைத்தே சொல்கிறேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பட்டாதாரர், ஒரு பங்காளிக் கூட்டம் (அதுதான் குரூப்), மீதி ஊரார். உபுண்டு ஆளுக்கொரு குரூப்பை அவரவர் பெயரிலேயே போட்டுவிடும். பங்காளி இல்லாத பட்டா அது. அதனால் உங்கள் இரவுக்காரர் வெறும் ஊரார். பார்க்கலாம், கை வைக்க முடியாது.

அச்சகத்துக்கென்று ஒரு குரூப் தொடங்கி மூவரையும் சேருங்கள். பொது ஃபோல்டரை சிஎச்ஜிஆர்பி போட்டு அந்தக் குரூப்புக்கு மாற்றி, சிஎச்மாட் 2775 கொடுங்கள். அந்த 2தான் விஷயமே. உள்ளே யார் புது ஃபைல் போட்டாலும் ஃபோல்டரின் குரூப்பே அதற்கும் வரும். கிணற்றுமேட்டில் யார் தென்னை வைத்தாலும் காய் பொதுவுக்குத்தானே! புது ஃபைலில் எந்த உரிமையைக் கழிப்பது என்று சொல்லும் யூமாஸ்க் 002 ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். 022 என்றால் குரூப்புக்கு எழுதும் உரிமை போய்விடும்.

ஃபோல்டருக்கும் 777 போட்டிருந்தால் உடனே எடுங்கள். ஃபைலை அழிக்க அந்த ஃபைலில் உரிமை வேண்டியதில்லை, ஃபோல்டரில் எழுத முடிந்தாலே போதும்.

ஆற்காட்டான்:
குரூப்பில் ஆளைச் சேர்க்கும் யூசர்மாட் கட்டளையில் சின்ன ஏ, பெரிய ஜி (-aG) இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். நான் ஏ-யை விட்டுவிட்டு என்னையே சூடோ குரூப்பிலிருந்து (நிர்வாக உரிமை தரும் குரூப்) கழற்றிக்கொண்டேன். அன்று முழுக்க வீட்டில் திட்டு.

1003 பேயில்லை. டிஸ்கில் உரிமையாளராகப் பதிவாவது எண்தான். லாகினை அழித்தால் பெயர் போய் எண் நிற்கும். ராஜா இல்லாத கோட்டை வேலூருக்குப் புதிதா என்ன? நாளைக்கு ஒரு புது ஆளுக்கு அதே 1003 கிடைத்தால் அந்த ஃபைலெல்லாம் அவருடையது. சிஎச்ஓன் போட்டு உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

காட்பாடிக்காரன்:
சரி, எல்லாம் செய்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இரவுக்காரர் லாகவுட் செய்து மறுபடி உள்ளே வந்த பிறகுதான் குரூப் ஒட்டியது. 1003 யாரென்றும் தெரிந்துவிட்டது: போன ஆவணியில் நின்றுபோன பையன். அவன் லாகினை அழித்ததே நான்தான். அவன் ஃபைல்களில் என் தங்கை பத்திரிகையும் இருந்தது. மாப்பிள்ளை பெயரில் ஒரு ஒற்று விட்டுப்போய், அப்படியே 500 பிரதி அடித்திருக்கிறோம்.