புதுப்பிப்பு: நடக்க முடியாத அம்மாவுடன் விபுலானந்தர் பிறந்த வீட்டுக்கு

முழங்கால் தேய்ந்த அம்மாவை இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பிலிருந்து காரைதீவுக்கு, தமிழறிஞரும் துறவியுமான விபுலானந்த அடிகள் பிறந்த இல்லத்துக்கு எப்படிக் கூட்டிப்போவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பஸ்ஸை விட்டு வான் பிடித்தோம். வெயில் ஏறுமுன் கல்முனையைத் தாண்டிவிட்டோம். உண்மையில் கைகொடுத்தது, சக்கர நாற்காலியை மணலில் தள்ளாமல் திருப்பிப் பின்பக்கமாக இழுக்கச் சொன்னவரின் யோசனைதான். முன்சில்லுகள் சிறியவை, தள்ளினால் புதைந்து நின்றுவிடுகின்றன. திருப்பி இழுத்ததும் பெரிய சில்லுகள் சுலபமாக உருண்டன. படிக்குப் பலகை கொண்டுபோகச் சொன்னவர் மன்னிக்கவேண்டும்: பலகை வழுக்கியது. இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கினோம்.

எதிர்பாராதது அம்மாவின் பிடிவாதம். செருப்போடு உள்ளே போகமாட்டாராம். வீங்கிய காலிலிருந்து அதைக் கழற்றவே பத்து நிமிடம் பிடித்தது. காலுறை ஒரு சோடி கொண்டுபோயிருக்கலாம்.

திரும்பும் வழியில் கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலய வளவிலுள்ள அடிகளின் சமாதிக்கும் போனோம். 1892இல் பிறந்த இடமும் 1947இல் அடக்கமான இடமும் ஒரே நாளில். அங்கே அம்மா இறங்கவில்லை. வான் கதவைத் திறந்துவைத்து இருந்தபடியே கும்பிட்டார்.