வில்லன் பக்கமே சாய்கிற வாசகர்கள்: கோளாறு எங்கே?

மைக்கூடு (கேள்வி)

மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல் வரைவு ஒன்று. 38 அத்தியாயங்கள், சுமார் 95,000 சொற்கள். 30 அத்தியாயங்கள் நாயகன் ஆதன் பார்வையில் நகர்கின்றன. 8 மட்டும் வில்லன் மாறவேள் பார்வையில்.

கதை இதுதான். கிணற்றுநீர் வழியாகப் பரவும் ஒரு கொள்ளைநோய். தலைநகரை அது எட்டிவிடக் கூடாது என்று, மந்திரவாதியும் அமைச்சருமான மாறவேள் மூன்று ஊர்களை ஆட்களோடு சேர்த்து எரிக்கிறான். அவனுடைய மகளும் அதே நோயில் செத்தவள். அந்தச் சாவு 9ஆம் அத்தியாயத்தில் முழுக் காட்சியாக வருகிறது. எரிந்த ஊர் ஒன்றிலிருந்து தப்பியவன் ஆதன். "தீயில் பிழைத்தவன் தீயை அவிப்பான்" என்று ஒரு பழைய வாக்கு. அதன்படி மாறவேளை எதிர்க்கப் புறப்படுகிறான்.

வரைவைப் படித்தவர்கள் அத்தனை பேரும் மாறவேள் கட்சி. "அவர் செஞ்சதுல என்ன தப்பு?" என்கிறார்கள். ஆதனைப் பற்றிக் கேட்டால், "அவன் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கான்" என்பதோடு சரி.

கேள்விகள்: மகள் சாகும் அத்தியாயத்தைத் தூக்கிவிடலாமா? அல்லது கடைசியில் மாறவேள் ஒரு குழந்தையைக் கொல்வதாக வைத்தால் வாசகர் மனம் மாறுமா? ஆதனுக்கும் ஒரு சோக ஃப்ளாஷ்பேக் வைக்கலாமா?

---

அச்சுக்கோர்ப்பு (பதில்)

மூன்றுமே வேண்டாம். முதலில் ஒரு கணக்கு எடுங்கள்.

ஒரு தாளில் 38 வரி. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எதிரே இரண்டே குறிப்பு: இதில் முடிவெடுத்தது யார்? அந்த முடிவால் அவர் இழந்தது என்ன? "ஆதன் தப்பித்தான்" என்பது முடிவு ஆகாது. துரத்தினால் யாரும் ஓடத்தான் செய்வார்கள். இரண்டு வழி கண்ணெதிரே இருந்து, ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றை எடுத்தால்தான் முடிவு. இழப்பு என்றால் கண்ணீர் இல்லை. கை, நண்பன், நல்ல பெயர், நேரம் என்று திரும்பி வராத ஏதாவது ஒன்று.

மாறவேளின் 8 அத்தியாயங்களிலும் அவன் ஏதோ ஒன்றைத் தீர்மானிக்கிறான் என்று கதைச்சுருக்கத்திலிருந்தே தெரிகிறது. ஆதனுக்காக அந்த வாக்கே தீர்மானித்துவிடுகிறது. வாசகர் துயரத்தைப் பார்த்து இரங்குவார். ஆனால் கூடவே நடப்பது தீர்மானிக்கிறவனோடு. அதனால்தான் ஆதனுக்கு இன்னொரு சோகக் கதை எழுதினாலும் ஒன்றும் மாறாது. ஊரே எரிந்ததைவிடப் பெரிய சோகம் எங்கே தேடுவீர்கள்?

திரைப்பட ஆய்வாளர் மரே ஸ்மித் 1995இல் எழுதிய நூலில் இரண்டைப் பிரித்துக் காட்டுகிறார். ஒரு பாத்திரத்தோடு கூடவே பயணிப்பது ஒன்று, அந்தப் பாத்திரம் நியாயமானது என்று அதன் பக்கம் நிற்பது வேறொன்று. முதலாவதைப் பார்வைக்கோணத்தால் வாங்கிவிடலாம். இரண்டாவது அப்படிக் கிடைக்காது. 30 அத்தியாயம் ஆதன் தோளில் உட்கார்ந்து பயணித்த வாசகர், இறங்கியதும் நேரே மாறவேள் வீட்டுக்குப் போவது இதனால்தான்.

டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாயகன் ஃப்ரோடோவைப் பாருங்கள். அழித்தே ஆக வேண்டிய தீய மோதிரம் அவன் கைக்குத் தானாக வந்து சேர்ந்தது. ஆனால் ரிவன்டெல் ஆலோசனைக் கூட்டத்தில், பெரியவர்கள் எல்லாரும் வாயடைத்து உட்கார்ந்திருக்கும்போது, வழி தெரியாது ஆனாலும் நானே கொண்டுபோகிறேன் என்று அவன் வாயால் சொல்கிறான். கடைசியில் எரிமலை வாயில் அதைக் கைவிட முடியாமல் தோற்றும் போகிறான். அப்போதும் வாசகர் அவனை விட்டு நகர்வதில்லை. அதற்குள் அவன் கொடுத்த விலை அவ்வளவு.

---

கொக்கிப்பேனா

மேலே சொன்னது பாதி. மீதிப் பாதி அந்த மூன்று ஊர்.

ஒரு சின்னக் கணக்கு நானும் கேக்கறேன். மகள் சாவுக்கு எத்தனை சொல் செலவழிச்சிருக்கீங்க, ஊர் எரியறதுக்கு எத்தனை? முன்னது காட்சி, பின்னது தகவலா இருந்தா தீர்ப்பு அங்கேயே முடிஞ்சுது. வாசகர் மனசு பிண எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்கறதில்லை. முகம் தெரிஞ்ச ஒரு சாவு, முகம் தெரியாத முந்நூறு சாவைவிடக் கனம்.

தகவலா இப்படி இருக்கும்:

"விடிவதற்குள் மூன்று ஊர்களும் சாம்பலாயின."

காட்சியா எழுதினா:

"கிணற்றடியில் குடம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் எல்லாம் கருகியிருக்க, கயிற்றின் நுனி மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. யாரோ கடைசிவரை இறைத்திருக்கிறார்கள்."

ரத்தம் இல்லை, அலறல் இல்லை. 'கொடூரம்', 'ஈவிரக்கமற்ற' மாதிரி சொல்லும் வேண்டாம்; கதைசொல்லி அடைமொழி போட்டு வில்லனைத் திட்டினா வாசகர் உடனே அவனுக்கு வக்கீல் ஆயிடுவார்.

வரிசையும் முக்கியம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினோட 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதைவரிசையில வர்ற வீரன் ஜேமி லானிஸ்டரை எடுத்துக்குங்க. 1996இல் வந்த முதல் புத்தகத்துல ஏழு வயசுப் பையனை ஜன்னல்லேருந்து தள்ளிவிடறான். அதையும் அந்தப் பையன் பார்வையிலேயே பார்க்கறோம். ஜேமி பார்வையில அத்தியாயம் வர்றது 2000இல் வந்த மூணாவது புத்தகத்துலதான். அதுலயும் அவன் தன் பக்க நியாயத்தைச் சொல்றது கை வெட்டுப்பட்ட அப்புறம். முதல்ல குற்றம், அடுத்து தண்டனை, கடைசியிலதான் விளக்கம். அதனால அவன்மேல பரிதாபம் வந்தாலும் ஜன்னல் மறக்கறதில்லை. உங்க வரைவுல 9ஆம் அத்தியாயத்துலயே விளக்கம் வந்துடுது. குற்றத்தை வாசகர் பார்க்கறதுக்கு முன்னாடியே மன்னிப்புச் சீட்டு கொடுத்தாச்சு.

---

மறுவாசிப்பு

கடைசி நேரத்தில் குழந்தையைக் கொல்ல வைக்கும் யோசனை பற்றி மட்டும் சொல்கிறேன். அதைச் செய்தால் வாசகருக்கு மாறவேள்மேல் கோபம் வராது, எழுதியவர்மேல் வரும். கதை முழுக்கக் காரணத்தோடு நடந்த ஆள் திடீரென்று காரணமில்லாமல் ஒன்றைச் செய்தால், நாயகனை ஜெயிக்க வைப்பதற்காக எழுத்தாளர் தாயக்கட்டையைத் திருப்பிவிட்டார் என்பது அப்பட்டமாகத் தெரியும்.

வாசகர் எதிரிக்காக அழுவதில் கெடுதல் ஒன்றுமில்லை. கம்பனின் கும்பகர்ணனுக்கு அழாதவர் குறைவு. ஆனால் அதற்காக இராமன் தோற்கட்டும் என்று யாரும் நினைப்பதில்லையே, ஏன்? அண்ணன் செய்தது தவறு என்று அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் அவன் போருக்குப் போகிறான். கூப்பிட வந்த தம்பியிடமும் "நீர்க்கோல வாழ்வை நச்சி", அதாவது நீர்மேல் கோலம் போல நிலையற்ற வாழ்வுக்கு ஆசைப்பட்டு, வரமாட்டேன் என்கிறான். வளர்த்தவனுக்கு உயிரைக் கொடுக்காமல் நகர மறுக்கிறான். குற்றத்தை அவனே ஒப்புக்கொண்டுவிட்டதால் இரக்கமும் நியாயமும் மோதிக்கொள்ளவில்லை.

உங்கள் மாறவேளைச் சுற்றி, அவன்மேல் அன்பு வைத்திருந்தும் "இது தப்பு" என்று சொல்லும் ஒருவர்கூட இல்லை போலிருக்கிறது. எதிரிகள் மட்டுமே எதிர்க்கும் வில்லன் பாதி நாயகன்தான்.

---

மைக்கூடு

கணக்கு எடுத்துப் பார்த்தேன். ஆதனின் 30 அத்தியாயங்களில் அவனாக முடிவெடுப்பது 6இல். அவற்றில் எதையாவது இழப்பது 2இல் மட்டும். மகள் சாவு 2,600 சொற்கள். ஊர் எரிவது 140.

ஒரு சிக்கல் மிச்சம். மாறவேள் சொல்வது கதையின் விதிப்படி உண்மை. எரிக்காவிட்டால் நோய் தலைநகருக்குப் போயிருக்கும், ஆயிரக்கணக்கில் செத்திருப்பார்கள். அப்படியானால் அவனை எதிர்ப்பதற்கே ஆதனுக்கு முகாந்திரம் இல்லையே?

---

அச்சுக்கோர்ப்பு

அதுதான் வேர். மாறவேளுக்குத் தெரிந்திருந்த இன்னொரு வழி என்ன? இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாவிட்டால் அவன் வில்லனே இல்லை. வேறு வழியில்லாத துன்பியல் நாயகன் அவன். க்ளைமாக்ஸ் சண்டையே அர்த்தமற்றதாகிவிடும்.

வேறு வழி இருந்தது, அதற்கு அவன் சொந்தமாக ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது, அதனால் கைவிட்டான் என்று வையுங்கள். உதாரணமாக, மூன்றாவது ஊரின் கிணறு உண்மையில் கெட்டுப்போயிருந்ததா? சோதிக்க இரண்டு நாள் போதும், நேரமும் இருந்தது. ஆனால் சோதித்தால் நோய் எங்கிருந்து புறப்பட்டது என்பதும் வெளிப்பட்டிருக்கும். அது அவன் வீட்டுக் கிணறு. முதலில் படுத்தவள் அவன் மகள்.

இப்போது 9ஆம் அத்தியாயத்தைத் தூக்க வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும்: 9இலிருந்து 27 பக்கம். காட்சியில் ஒரு வார்த்தைகூட மாறாது. முன்னால் இருந்தபோது அது அவனுக்குச் சமாதானம் சொன்னது, அங்கே போனதும் அவன் எதை மறைத்தான் என்பதைக் காட்டும். பரிதாபம் குறையவே குறையாது. சொல்லப்போனால் கூடும்.

முதல் இரண்டு ஊர்களை விட்டுவிடுங்கள். அங்கே அவன் செய்தது சரியா தப்பா என்று வாசகர்கள் அடித்துக்கொள்ளட்டும். மூன்றாவது ஊரில் மட்டும் சந்தேகம் இருக்கக் கூடாது. ஆதனை அந்த ஊர்க்காரன் ஆக்கிவிடுங்கள்.

---

கொக்கிப்பேனா

ஒண்ணு சேர்க்கறேன். அந்த உண்மையைக் கண்டுபிடிக்கறது ஆதனா இருக்கணும், அதுவும் மாறவேளைப் பார்த்துப் பரிதாபப்படற இடத்துல. வில்லன்மேல வர்ற இரக்கம் நாயகன் கண் வழியா வந்தா ரெண்டு பேரும் வளருவாங்க. நாயகனுக்குத் தெரியாம வாசகருக்கு மட்டும் தெரிஞ்சா, நாயகன் விவரம் தெரியாத முட்டாளாத் தெரிவான்.

டோல்கீன் இதைத் திருத்தத்துலதான் பிடிச்சார். 1937இல் வந்த 'ஹாபிட்' முதல் பதிப்புல கொல்லம்ங்கற குகைவாசி, நாயகன் பில்போகிட்ட விடுகதைப் பந்தயத்துல தோத்து, மரியாதையா வழி காட்டிட்டுப் போயிடும். 1951 பதிப்புக்கு அந்த அத்தியாயத்தை மாத்தி எழுதினார். இருட்டுல வாளோட நிக்கற பில்போ, கொல்ல வாய்ப்பிருந்தும், அந்த ஜீவனோட தனிமையை ஒரு நொடி நினைச்சுப் பார்த்துட்டு, மேலே தாண்டிக் குதிச்சு ஓடறான். அந்த ஒரு நொடியிலதான் கொல்லம்மேல நமக்கு இரக்கம், பில்போமேல மரியாதை, ரெண்டும் வருது.

---

மறுவாசிப்பு

திருத்திய பிறகு பழைய ஆட்களிடமே கொடுக்காதீர்கள். அவர்கள் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். புதிதாக நாலைந்து பேர் போதும். "யாரைப் பிடித்தது?" என்று கேட்பதும் வீண். பேச்சுச் சாமர்த்தியத்துக்காகவும் கறுப்பு அங்கிக்காகவும் வில்லனைப் பிடிக்கும் கூட்டம் எப்போதும் உண்டு, அதைத் திருத்த முடியாது, திருத்தவும் வேண்டாம். 10, 20, 28ஆம் அத்தியாய முடிவில் நிறுத்தி, "இப்போது யார் ஜெயிக்க வேண்டும்? எதை மன்னிக்க முடியாது?" என்று மட்டும் கேளுங்கள். மாறவேளைப் பிடிக்கிறது, ஆனால் ஆதன் ஜெயிக்கட்டும் என்று பதில் வந்தால் வரைவு சரியாக இருக்கிறது.

இன்னொன்று. கேள்வியிலேயே கண்ணில் பட்டது: வாசகர்கள் மாறவேளை 'அவர்' என்கிறார்கள், ஆதனை 'அவன்'. வரைவில் கதைசொல்லி எப்படி எழுதியிருக்கிறார்?

---

மைக்கூடு

இப்போதுதான் தேடிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் 'அவன்' என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 9ஆம் அத்தியாயத்தில் "மாறவேள் மகளின் நெற்றியைத் தொட்டார்" என்று தொடங்கி, அந்த அத்தியாயம் முழுக்க 'ஆர்' விகுதி. அடுத்த அத்தியாயத்தில் மறுபடி 'ஆன்'.

---

மறுவாசிப்பு

கதைசொல்லி எழுந்து நின்று கும்பிட்டுவிட்டார், வாசகரும் கூடவே எழுந்துவிட்டார். இருவருக்கும் 'அவன்' என்றே வையுங்கள். உரையாடலில் மற்ற பாத்திரங்கள் அவரவர் பழக்கப்படி 'அமைச்சர்', 'அவர்' என்று சொல்லட்டும். ஆதன் வாயில் மட்டும், ஓரிடம் தவிர, எங்கும் 'அவன்'தான். மகள் விஷயம் தெரிந்த பிறகு, வாளை உருவுவதற்கு முன், காவலாளியிடம் ஒரே ஒரு முறை "அவர் உள்ளே இருக்காரா?" என்று கேட்கட்டும். விளக்கம் எதுவும் எழுதாதீர்கள்.